ஊரார் சொல்லும் ஒரு தாயின் சொல்லும்

ஊரோடு ஒத்துப்போதல் நன்றோ, மாறாக நின்று அதற்குரிய விலையைக் கொடுத்தல் நன்றோ என்று கேட்பார் உளர். இக்கேள்விக்கு முன்னே மற்றொன்று உண்டு: அவ்விலையைக் கொடுப்பவர் யார்? ஜெயகாந்தனின் இரு படைப்புகளைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை. மழை நாளில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரிப் பெண்ணொருத்தி, அறியாத இளைஞனின் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். செய்தி கேட்ட தாய் முதலில் அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். அண்டைக் குடித்தனத்தார் என்னவென்று கேட்டு வந்தவாறே அவளுக்குத் தெளிவு பிறக்கிறது. மழையில் நனைந்து வந்தமைக்காகக் கண்டித்ததாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பின்பு மகளின் தலையில் நீர் வார்த்து, அவள் தூயவளே என்று தேற்றுகிறாள்; எவரிடமும் இதைச் சொல்லவேண்டா என்றும் பணிக்கிறாள்.

தலைப்பு பிராட்டி அக்நி புகுந்தமையை நினைப்பூட்டும். அவளுடைய தூய்மையைத் தாம் அறிந்திருந்தும், உலகத்தார் தெளியவேண்டியே அது நிகழ்ந்தது என்று பெருமாள் அருளிச்செய்வதாக ஸ்ரீராமாயணம் கூறும். இத்தாய்க்கோ உலகத்தாரைத் தெளிவிக்க வகையில்லை, மகளையாவது தெளிவித்தாள்.

இந்நிகழ்ச்சியே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் வேறு வழியில் செல்கிறது. அங்குத் தாயின் ஓலத்தால் ஊர் அறிந்துவிடுகிறது. தமையன் கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். படிக்கவைத்த மாமனோ சாஸ்த்ரம் பேசிக்கொண்டே தகாத எண்ணம் கொள்கிறான். உத்தியோகம் பெற்றும் அவள் அந்த ஒரு நாளிலிருந்து மீளவில்லை. தன்னைக் கெடுத்தவனையே தேடிப் பழகி, ஊர் இட்ட பெயரைத் தானே ஏற்கிறாள். அவனும் விலக, மதுவை நாடுகிறாள். இந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

இங்கு ஒரு சங்கை எழும்: முதல் தாய் ஊரை எதிர்க்கவில்லையே, பொய் சொல்லி மறைத்தாளே, இது அச்சமன்றோ? அச்சமே. ஆயினும், புண்பட்ட பெண்ணை முன்னே நிறுத்தி ஊரை எதிர்க்கச் சொல்வது தருமமாகாது. பொய்யின் பாரத்தைத் தாய் தானே சுமந்து, மகளுக்கு அவளுடைய வாழ்வைத் திருப்பித் தந்தாள். நாவலிலோ தமையனும் மாமனும் ஊருக்கு நல்லவராயினர். அந்த நற்பெயருக்கு விலை கொடுத்தவள் கங்கா ஒருத்தியே.

ஊரார் என்பவர் யாவர்? அலறல் கேட்டு வாசலுக்கு வந்தவர்களே. உண்மை தெரிந்தால் அவர்கள் என்ன பேசுவர் என்று அறிந்தே அத்தாய் பொய் சொன்னாள். அடுத்த வீட்டில் ஓலம் கேட்டு நாமும் போய் நிற்போம். அப்போது நம்மிடம் அவர்கள் உண்மையைச் சொல்லலாம்படி நாம் வாழ்ந்திருக்கிறோமா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.