கணையின் நேர்மை

தமிழில் நல்லவனைக் குறிக்கும் சொற்களுள் பல, நூல் பிடித்துக் கோடு போடும் தச்சனின் பட்டறையிலிருந்து வந்தவைபோலத் தோன்றுகின்றன. நேரானவன் என்கிறோம், நேர்மையாளன் என்கிறோம், செம்மை என்றும் செவ்விய உள்ளம் என்றும் போற்றுகிறோம். நல்லாட்சிக்குப் பெயர் செங்கோல். தீய ஆட்சிக்குப் பெயர் கொடுங்கோல். ஒருபால் சாய்ந்த நீதியைக் கோடிய நீதி என்று முன்னோர் பழித்தனர். நேராக இருப்பது நன்று, வளைவது தீது என்னும் தீர்ப்பு நம் மொழிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பேசப் பழகும் குழந்தை அத்தீர்ப்பையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது.

ஆயினும் அதே மொழியில் எழுதிய வள்ளுவர், கூடாவொழுக்கம் என்னும் 28ஆம் அதிகாரத்தில், 279ஆம் குறளில், இத்தீர்ப்பை நிறுத்தி வைக்கிறார். அம்பு வடிவால் நேரானது, செயலால் கொடியது. யாழின் கொம்பு வளைந்தது; அது தரும் இசையோ இனியது. மாந்தரையும் தோற்றத்தால் அளவாது செயலால் அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பள்ளியில் இக்குறளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். அதன் பொருள் நம்மைத் தைத்ததோ நாற்பது வயதைக் கடந்த பின்னர், அல்சூரில் நம் தெருவிலுள்ள ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில்.

அப்பெரியவரின் தொழில் வயலின் பழுது பார்ப்பது. மூன்று தலைமுறைக்கு முன் வடஆர்க்காட்டிலிருந்து கண்டோன்மெண்டுப் பகுதிக்கு வந்து குடியேறிய தச்சர் குடும்பம் அவருடையது. வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆவது. குளிர்நாடுகளில் மெல்ல வளர்ந்து, நெருங்கிய வளையங்களும் நேரான நாரோட்டமும் கொண்ட மரம் அது. எடையோ தேக்கினும் மிகக் குறைவு. ஆயினும் எடைக்கு மிஞ்சிய விறைப்பு அதற்கு உண்டு. அதனாலேயே இசைக்கருவிக்கும் அது ஏற்றது. அம்புக்கும் அது ஏற்றது. நம் நாட்டில் மூங்கிலும் நாணலும் அம்பாயின. அந்நாடுகளில் இம்மரம் அம்பாயிற்று. பள்ளியில் வில்வித்தை பயிலும் தம் பேத்திக்காகப் பெரியவர், வயலினுக்கு எடுத்தது போக எஞ்சிய ஸ்புரூஸ் துண்டிலிருந்து அம்புத் தண்டுகளைக் கையாலேயே செய்தார். சில ஞாயிற்றுக்கிழமைகள் நாம் அருகிலிருந்து கண்டோம்.

முதலில் நாம் வியந்தது, அவர் வாளைத் தொடாதது. மரத்தை உளியால் பிளந்தார். காரணம் கேட்டோம். “வாள் நம்ம பேச்சைக் கேக்கும், தம்பி, பிளவு மரத்தோட பேச்சைக் கேக்கும்” என்றார். வாளால் அறுத்தால் கோடு நேராக இருக்கும். உள்ளே நார் குறுக்காக ஓடி இடையில் அறுந்திருக்கும். அத்தகைய தண்டு பார்வைக்கு நேரானது. நாணின் வேகத்தைத் தாங்காமல் முறிந்து, எய்தவர் கையிலேயே பாயக்கூடியது. நார் ஓடும் வழியே பிளந்த தண்டில் ஒரு முனையில் தொடங்கும் நார் மறுமுனை வரை செல்லும். புறத்து நேர்மை வேறு, அகத்து நேர்மை வேறு என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

அடுத்தது மரத்தின் பதம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது தச்சர் கணக்கு. பச்சை மரத்தின் ஈரம் நூற்றுக்கு 30 பங்கு என்னும் அளவிற்குக் கீழே இறங்கிய பின்னரே மரம் சுருங்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 12 பங்குக்கு வந்து அமைதி கொள்கிறது. அந்தச் சுருக்கத்தின்போதுதான் முறுக்கும் கோணலும் தோன்றும். ஆகவே ஈர மரத்தை எவ்வளவு நேராக இழைத்தாலும் அந்த நேர்மை நில்லாது. கோண வேண்டியதெல்லாம் கோணி முடியும்வரை காத்திருந்து, அதன் பின்னரே இழைக்க வேண்டும்.

உலர்ந்த துண்டை முதலில் நாற்சதுரக் குச்சியாக்கினார். நீண்ட கட்டையில் வெட்டிய பள்ளத்தில் அதைக் கிடத்தி, இழைப்புளியால் நான்கு மூலைகளையும் சீவ எட்டுப் பட்டை ஆயிற்று; மீண்டும் சீவப் பதினாறு ஆயிற்று; உப்புத்தாளால் தேய்க்க உருண்டையாயிற்று. கனம் 8 மில்லிமீட்டர். நீளம் ஏறத்தாழ 30 அங்குலம். ஒரு கண்ணை மூடி, தண்டின் வழியே மறு கண்ணால் நோக்கினார். கோணல் தெரிந்த இடத்தை விளக்கின் வெப்பத்தில் காட்டிக் கட்டைவிரலால் அழுத்தி நிமிர்த்தினார். கண்ணாடிப் பலகையில் உருட்டியபோது தண்டு துள்ளாமல் ஓடிற்று. நாணில் பொருந்தும் வெட்டை மரத்தின் வளையங்களுக்குக் குறுக்காக இட்டார். வளையங்களின் போக்கிலேயே வெட்டினால் நாண் தண்டைப் பிளந்துவிடுமாம்.

வேலை முடிந்தது என எண்ணினோம். இல்லை, தேர்வே இனித்தான் என்றார் பெரியவர். 26 அங்குல இடைவெளியில் இரண்டு முளைகள். அவற்றின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டார். தண்டு தாழ்ந்தது. தாழ்ந்த அளவை அளந்தார். 26ஐ அந்த அங்குல அளவால் வகுத்தால் தண்டு எத்தனை பவுண்டு வில்லுக்கு ஏற்றது என்பது கிடைக்கும். அரை அங்குலம் தாழ்ந்தால் 52 பவுண்டு. ஓர் அங்குலம் தாழ்ந்தால் 26 பவுண்டு. சிறுமியின் வில் மெல்லியது. எனவே ஓர் அங்குலம் வளைபவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார். வளைய மறுத்த தண்டுகள், அவை எத்துணை நேராக இருந்தபோதிலும், தள்ளப்பட்டன.

ஏன் வளைய வேண்டும்? அம்பு நேராகச் செல்வதற்காகவே வளைய வேண்டும் என்பது வியப்பான உண்மை. மரவில்லில் அம்பு வில்லின் ஒரு பக்கத்தில் கிடக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கி விரைகிறது. ஆகவே விடுபட்ட கணத்தில் அம்பு வில்லின் கழுத்தைச் சுற்றி வளைந்து, மறுபுறம் வளைந்து, சிறிது தொலைவு பாம்புபோல் நெளிந்து, பின்னரே நிமிர்ந்து குறியைச் சேர்கிறது. இதனை வில்லாளியின் முரண் என்பர். மிகு விறைப்பான அம்பு, வலக்கையால் நாணிழுப்பவனுக்கு, இடப்புறம் விலகிவிடும். மிகத் தளர்ந்த அம்பு வலப்புறம் விலகிவிடும். தனக்கேற்ற அளவில் வளைந்து, வளைந்தபின் மீளும் அம்பே குறி தவறாதது.

தண்டை நேராக்கும் இக்கலை மிகப் பழையது. 1991ஆம் ஆண்டு ஆல்ப்சு மலையில், இத்தாலி, ஆஸ்திரிய எல்லையருகே, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவனின் உடல் பனியிலிருந்து வெளிப்பட்டது. அவனது அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அவற்றுள் இரண்டே முடிந்தவை. ஏனைய 12 தண்டுகளும் குறைவேலையாய் நின்றவை. பத்தாண்டுகள் கழித்து 2001இல் எடுத்த எக்ஸ்ரே படத்தில், அவனது இடத்தோளுக்குள் கல்லால் ஆன அம்புமுனை ஒன்று தெரிந்தது. அம்பு செய்து கொண்டிருந்தவனை அம்பே கொன்றது. அவனைத் தைத்த கணையையும் யாரோ ஒருவர் கண்ணை இடுக்கி நோக்கி, கோணல் நீக்கி, நேராக்கித்தான் இருப்பார். தண்டின் நேர்மைக்கு எய்பவனையும் தெரியாது, ஏற்பவனையும் தெரியாது. வள்ளுவர் அம்பைக் கொடிது என்றதன் உட்பொருள் இதுவே எனக் கருதுகிறோம்.

இதனை எண்ணும்போது நம் மேசைக்கு வந்த ஒரு கோப்பு நினைவுக்கு வருகிறது. மறைத்து எழுதுவது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த மூதாட்டி ஒருவரின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் நம்மிடம் வந்தது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழ்த்தாய் அவர். ஒரு தாளில் அவர் பெயர் ‘அம்மாள்’ என்று முடிந்தது. மற்றொரு தாளில் ‘அம்மா’ என்று முடிந்தது. கன்னட நாட்டில் வாழும் தமிழர் வீடுகளில் இப்படி ஓர் எழுத்து உதிராத குடும்பம் அரிது. விதிப்படி குறிப்பெழுதித் திருப்பினோம். பிரமாணப் பத்திரத்துடன் வந்தார். பிறந்த தேதிச் சான்று இல்லையெனத் திருப்பினோம். அதையும் கொணர்ந்தார், வங்கிக் கணக்கு விவரத்தில் குறையெனத் திருப்பினோம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வந்து, நூறு கிலோமீட்டர் திரும்பினார். எட்டு மாதங்கள் கழிந்தன.

விதியை நாம் மீறவில்லை. ஒரு காசும் பெறவில்லை. கோப்பில் ஒரு கோணலும் இல்லை. ஆணை கைக்கு வந்த அன்று அம்மூதாட்டி நம்மைத் தேடிவந்து கைகூப்பினார். “ஒத்தப் பைசா கேக்காம முடிச்சுக் குடுத்தீங்க. நேர்மையான மனுசரு, சாமி” என்றார். அவர் காதுகள் வெறுமையாக இருந்தன. முதல் நாள் வந்தபோது அவற்றில் கம்மல் இருந்ததை நாம் கண்டிருந்தோம். எட்டு மாத உலை எதனால் கொதித்தது என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அன்று நாம் பெற்றது பாராட்டு அன்று, தீர்ப்பு. மூன்று குறைகளையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எதிரே அமரச் சொல்லிப் பத்து நிமிடம் விளக்கியிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. நாம் நேராகத்தான் இருந்தோம், முளைகளின்மேல் வளைய மறுத்துத் தள்ளப்பட்ட தண்டைப்போல.

இங்கே ஒரு மறுப்பு எழும். வளைவதைப் புகழ்ந்தால் கையூட்டு வாங்குபவனும் நானும் வளைந்தேன் என்பானே. பரிந்துரைக்கு வளைபவனும் இக்கட்டுரையைக் காட்டுவானே எனக் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியவரின் திண்ணையிலேயே அதற்கு விடை இருக்கிறது. எடையை நீக்கியதும் நல்ல தண்டு நிமிர்ந்துவிட்டது. ஈரம் காயாத தண்டு தாழ்ந்தபடியே நின்றது. அது அடுப்புக்குப் போயிற்று. வளைவும் கோணலும் ஒன்றல்ல. பிறர் துயரின் எடைக்கு வளைந்து, பின் தன் நிலைக்கு மீள்வது நெகிழ்வு. தன் நலத்தின் எடைக்கு வளைந்து அங்கேயே நின்றுவிடுவது கோணல். எழுத்தர் மொழியில் ஓர் உரைகல்லும் சொல்வோம்: எந்த வளைவைக் காரணத்தோடு கோப்பில் எழுதி, நம் கையொப்பமும் இட முடிகிறதோ அது நெகிழ்வு, எதனைக் கோப்பில் எழுத அஞ்சுகிறோமோ அது கோணல்.

தனிமனிதருக்கு மட்டுமன்றி மக்கட் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். நம் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் திரையிட்டே நின்றதை நாமறிவோம். 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. இருபுறமும் ஒருபிடி வளைந்தன. எவர் மொழியும் அதனால் தாழவில்லை. 18 ஆண்டு விறைப்பு தராததை அந்த ஐந்து நாள் நெகிழ்வு தந்தது.

பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்த நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நிலமில்லை. ‘நேராய் இரு’ என்னும் ஒரு சொல்லையே பெரும்பாலும் விட்டுச்செல்கிறோம். அது நல்ல சொல்லே. அதனோடு இன்னும் இரண்டைச் சேர்ப்போம். ஈரம் உலருமுன் அவர்களை இழைக்க விரையாதிருப்போம். இளமையின் முறுக்கு இளமையிலேயே வெளிப்பட்டுத் தீரட்டும். நேராய் இருப்பது போதாது, எவரை நோக்கிச் செல்கிறாய் என்பதையும் பார் என்று சொல்லிக் கொடுப்போம்.

கடைசி ஞாயிறன்று பெரியவர் வீட்டில் ஆறு அம்புகள் இறகு கட்டி வார்னிஷ் பூசிக் காயவைக்கப்பட்டிருந்தன. அருகே ஆணியில் ஒரு வயலின் தொங்கிற்று. அதே பலகையின் மறுபாதியில் குடைந்த மேற்பலகை, மெல்லப் புடைத்து வளைந்திருந்தது. ஒரே மரம், ஒரே உலர்வு, ஒரே கை. ஒன்று கணையாயிற்று, ஒன்று யாழின் வழித்தோன்றல் ஆயிற்று. மறுநாள் அலுவலகத்தில் மேசைமேல் ஐந்து கோப்புகள் இருந்தன. முதல் கோப்பைத் திறந்து, குறைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதத் தொடங்கினோம்.