கட்டை விரல் கணக்கு

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் பிள்ளை எதையாவது தன் வாயாலேயே 'தர்றேன்' என்று சொல்லிவிட்டால், அதை வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை வந்துவிடுமா?

உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா பையனுக்குப் பத்து வயசு. டி.வி-யில் 'பாகுபலி' பார்த்த நாளிலிருந்து வில், அம்பு என்று வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தான். "விளக்குமாத்துல ஒரு குச்சி பாக்கியில்ல. எங்கயாவது சேர்த்து விடுடா" என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மைதானத்தில் நடக்கும் வில்வித்தை வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

முதல் நாளே அசந்துபோனேன். தரையில் வெள்ளைக் கோடு. இரண்டு விசில் அடித்தால் பிள்ளைகள் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு விசிலுக்கு அம்பு விடலாம். மூன்று விசில் கேட்டால்தான் முன்னே போய் அம்பைப் பொறுக்கலாம். விடாமல் ஐந்தாறு விசில் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். அத்தனை பேரும் அப்படியே நிறுத்த வேண்டும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக் கூடாது, வில்லே உடைந்து தெறிக்கும். ஒருவர் பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பச்சை விழும் முன்பே ஹாரன் அடிக்கிற ஊரில் இப்படி ஓர் ஒழுங்கா!

இந்த ஒழுங்கு தேவைதான். 2020 ஜனவரியில் அசாமின் சாபுவாவில், பயிற்சியின்போது 12 வயதுச் சிறுமியின் கழுத்தருகே அம்பு பாய்ந்துவிட்டது. டெல்லி எய்ம்ஸுக்கு விமானத்தில் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். அம்புக்குக் குழந்தை, பெரியவர் என்ற பேதமெல்லாம் தெரியாது.

மூன்றாவது மாதம். கோட்டில் நின்ற ஒரு சிறுமி, "சார், தோள் வலிக்குது" என்றாள். பயிற்சியாளர் நல்ல மனிதர். கலகலப்பான பேர்வழி. "ஏகலைவன் கட்டை விரலையே குடுத்தான். நீ தோள் வலிக்கு அழுவுறியா?" என்றார். நிழலில் உட்கார்ந்திருந்த பெற்றோர் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிறுமியும் சிரித்துவிட்டு வில்லைத் தூக்கினாள். மறைப்பானேன்... நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த மாதம் அக்காவிடமிருந்து போன். "என்னடா இவன், இந்தச் சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டையைக் கழட்டவே மாட்டேங்கிறான்!" போய்ப் பார்த்தேன். சமாதானம் பேசி, சட்டையைக் கழற்றினால், இடது முன்கை முழுக்க ஊதா நிறம். நாண் அடித்து அடித்துக் கன்றிப்போயிருக்கிறது. கையில் கட்டும் காப்பின் வார் அறுந்து இரண்டு வாரமாம். சொல்லவில்லை. வலது தோளைத் தூக்கச் சொன்னேன். பாதி உயரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா சின்ன வில்லு குடுத்துடுவாங்க மாமா. அப்புறம் மீட்டுக்குப் பேர் அனுப்ப மாட்டாங்க."

"அதுக்காக வலியை மறைப்பியா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "ஏகலைவன் அழுதானா மாமா?"

என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் படித்தது பி.காம். பத்திரிகைக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எதைப் பார்த்தாலும் பற்று - வரவுதான் கண்ணுக்குத் தெரியும். ஏகலைவன் கதையையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன்.

வேடர் தலைவன் மகன். துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. மண்ணில் அவரைப் போல் உருவம் செய்து வைத்துத் தானே கற்றுக்கொண்டான். பிறகு அவர் வந்து தட்சணை கேட்டார். கொடுத்தான். நாம் தலைமுறை தலைமுறையாக மெச்சுவது கொடுத்தவனை. சரி, வாங்கியவர் எதற்காக வாங்கினார்? 'உனக்கு நிகராக ஒருவனும் இருக்க மாட்டான்' என்று அர்ஜுனனுக்குக் கொடுத்த வாக்குக்காக. அதாவது, செலவு ஏகலைவன் கணக்கில். வரவு அர்ஜுனன் கணக்கில். கொஞ்சம் துரோணர் பெயரிலும். டபுள் என்ட்ரி கச்சிதமாக டேலி ஆகிறது. ஆனால், டேலி ஆவதெல்லாம் நியாயம் ஆகிவிடாது என்பது முதலாண்டு மாணவனுக்கே தெரியும்!

நாட்டின் சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் தரப்படும் விருது துரோணாச்சார்யா பெயரில்தான். பெயரை மாற்றச் சொல்லவில்லை. வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டை விரலையும் ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.

'அவன் விரும்பித்தானே கொடுத்தான்?' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். விருப்பம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால், 'மாட்டேன்' என்று சொல்லவும் ஒரு வழி இருக்க வேண்டும். தெய்வமாக நினைக்கிறவர் கேட்கும்போது எந்தப் பிள்ளைக்கு அந்த வழி திறந்திருக்கிறது? குழந்தைகள் கஞ்சர்கள் அல்ல. பிடித்தவர் கேட்டால் கையில் இருப்பதை எல்லாம் கொடுத்துவிடுவார்கள். அதனாலேயே கேட்கிறவருக்கு ஓர் அளவு வேண்டியிருக்கிறது.

இதில் நானும் யோக்கியன் இல்லை. 2018-ல் சென்னையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று மூன்றரை மணி நேரத்தில் 1,111 அம்புகள் விட்டது. அந்தக் குழந்தை சந்தோஷமாகவே விட்டிருக்கலாம். குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால், செய்தியைப் படித்து வியந்த நான், 'குழந்தைக்குக் கை வலித்திருக்குமா?' என்று ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நம் கண்ணுக்குக் குழந்தை தெரிவதில்லை.

ஒரு மனக்கணக்கு. 20 பவுண்டு வில். ஒவ்வொரு முறை முழுசாக இழுக்கும்போதும் விரல்களில் சுமார் 9 கிலோ பளு. நூறு முறை இழுத்தால் 900 கிலோ. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகள் இன்னும் கெட்டிப்படாதவை. அதிக பளுவைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் முதலில் வலிக்கும், அப்புறம் நிரந்தரமாகக் கெடும். 'வலிக்குது சார்' என்பது சோம்பேறித்தனம் இல்லை. உடம்பு அடிக்கிற விசில் அது.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். பேசக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. வில்வித்தையைத் தொடாமல் சொல்லித்தருவது கஷ்டம். முழங்கையைத் தூக்க வேண்டும், தோளை அமுக்க வேண்டும், முதுகை நிமிர்த்த வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர்களாகவே இருக்கட்டும். மீதி ஒருவருக்கு அந்தத் தொடுதலே முகமூடி. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில்தான் பிள்ளைகளைச் சீரழித்தான். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். 1997-லேயே பயிற்சியாளரிடம் சொன்னதாகச் சொன்னவரும் அதில் ஒருவர். இடைப்பட்ட இருபது வருஷம் பெரியவர்கள் காதில் அது விழவே இல்லை.

நம் நாட்டில் 2012-ல் வந்த போக்சோ சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே குற்றம். தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால், சட்டம் வருவது அம்பு பாய்ந்த பிறகு. அதற்கு முன்னால் கோடு போட வேண்டியது நாம்தான். தொடும் முன் சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு, நாலு பேர் பார்க்கத் தொடட்டும். மூடிய அறையில் தனிப் பயிற்சி வேண்டாம். வெளியூர் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் கூட ஒரு பெண் போகட்டும். பிள்ளைக்கு வருகிற மெசேஜ் அப்பா அம்மாவுக்கும் வரட்டும். நல்ல பயிற்சியாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்புதானே!

'இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தா சாம்பியன் எப்படி சார் வரும்?' நியாயமான கேள்வி. ஷீத்தல் தேவியைப் பாருங்கள். ஜம்மு - காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதிப் பெண். பிறக்கும்போதே இரண்டு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து அம்பு விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது வயது 17. கட்ராவில் அவருக்குச் சொல்லித்தந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர் உடம்புக்கு ஏற்றபடி கருவியை மாற்றினார்கள். வில்லைப் பிள்ளைக்காக வளைத்தார்கள். பிள்ளையை வில்லுக்காக ஒடிக்கவில்லை. உழைப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? உழைப்பு பிள்ளையை வளர்க்கும். வலியை மறைக்கக் கற்றுத்தருவது வளர்ப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு பயிற்சியாளரிடம் போய்ப் பேசினேன். "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சார்" என்றார்.

"எனக்குத் தெரியும் சார். பிள்ளைகளுக்குத்தான் தெரியல" என்றேன்.

கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒன்று சொன்னார். இங்கிலாந்தில் வில்வித்தைக் கிளப்புகளில் ஆபத்து என்றால் 'ஃபாஸ்ட்!' என்று கத்துவார்களாம். வேகமாக என்று அர்த்தம் இல்லை, அசையாமல் நில் என்று அர்த்தம். நடுவர்தான் கத்த வேண்டும் என்பதில்லை. அன்றைக்குச் சேர்ந்த சின்னப் பிள்ளை கத்தினாலும் சாம்பியன் வில்லை இறக்கியாக வேண்டும்.

எவ்வளவு பெரிய விஷயம்! அம்பு விஷயத்தில் குழந்தையின் குரலுக்கு நாம் கொடுத்திருக்கும் அந்த மரியாதையை, வலி விஷயத்திலும் தொடுதல் விஷயத்திலும் கொடுத்தால் போதுமே. 'நிறுத்துங்க' என்று குழந்தை சொன்னால், முதலில் நிறுத்துவோம். காரணத்தை அப்புறம் கேட்போம்.

அக்கா பையனுக்குச் சின்ன வில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது அரைக்கைச் சட்டையில் போய் வருகிறான்.

'தோள் வலிக்குது' என்ற அந்தச் சிறுமி மட்டும் இப்போது வருவதில்லை. எப்போதிலிருந்து என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஏகலைவன் விரலைக் கொடுத்தபோது துரோணர் தனியாக இல்லை. அர்ஜுனனும் கூடவே நின்றான். அவன் 'குருவே, வேண்டாம்' என்று சொன்னதாகக் கதையில் இல்லை. இத்தனை நாளாக துரோணர் செய்தது சரியா தப்பா என்றே பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். கூட நின்றவனைப் பற்றியும் ஒருநாள் பேச வேண்டும்.

அன்று நிழலில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் சொல்கிறேன்.