விருந்து மண்டபமும் விளைநிலத்தின் கடனும்

நிலம் தன் தொழிலை மாற்றிக்கொள்ளும்போது அதன்மீதுள்ள நன்றிக்கடனும் தீர்ந்துவிடுமா? கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்தைக் காண்போர் உள்ளத்தில் இவ்வினா எழாமல் இராது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டையாகக் கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறந்துவைக்கப்பட்டது. இன்று மின்னணுக் கருவிகள் உருவாகும் அவ்வட்டாரம் முன்னாளில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டப்புறம். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களின் உழைப்பால் செழித்த மண் அது. தோட்டங்கள் கைமாறிய காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் லயங்கள் இடிந்தன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வேறிடம் தேட நேர்ந்தது. சுவடே அழிந்த இடத்தில் கடனை அளப்பது அரிது. சுவடு எஞ்சிய ஓரிடத்தை நோக்கினால் விடை சற்றே துலங்கும். அத்தகைய இடம் கூலிமுக்கு மேற்கே, கடலுக்கு அப்பால், பினாங்குத் தீவில் உள்ளது.

1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் காடு திருத்தி மிளகுத் தோட்டம் அமைத்தார். தாம் பிறந்த இங்கிலாந்து மாவட்டத்தின் பெயரால் அதனைச் சஃபோக் என அழைத்தார். மிளகுக் கொடிகளை அச்சேயிலிருந்து 1790இல் தருவித்தவர் சீனர் தலைவர் கோ லே ஹுவான். 1794இல் லைட் மறைந்தபோது, அத்தோட்டத்தையும் தோட்ட வீட்டையும் தம் வாழ்க்கைத் துணைவி மார்ட்டினா ரோசெல்சுக்கு உயிலில் எழுதிவைத்திருந்தார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைத் திட்டமிட்ட வில்லியம் லைட் அவ்வம்மையாரின் மகனே.

ஆயினும் அந்நிலம் அக்குடும்பத்திடம் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது வில்லியம் எட்வர்டு பிலிப்சின் கைக்குச் சென்றது. ஆங்கு எழுந்த மாளிகை ஆளுநர்களின் உறைவிடமாயிற்று, 20ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியின் உடைமையாயிற்று, பின்னர்ப் பாழடைந்தது. 2007இல் மீட்டமைக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. அதன்பின் மிளகு விளைந்த இடத்தில் திருமண விருந்துகள் நடந்தன.

இவ்வரலாற்றில் இன்னொரு கூட்டத்தாரும் உளர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வந்து, வாணிகமும் பலவகைக் கூலிவேலையும் செய்து, சிறுபொருள் ஈட்டித் திரும்பினர் என்று 1794இல் லைட்டே எழுதியுள்ளார். அவருடைய எழுத்தில் அவர்கள் வெறும் எண்ணிக்கை; ஒருவர்க்கும் பெயரில்லை. உயிலில் பெயர் பொறிக்கப்பெற்ற மார்ட்டினாவுக்கே நிலம் நிலைக்கவில்லை எனின், பெயரே எழுதப்படாத உழைப்பாளிக்கு எது நிலைக்கும்?

மணவிழாவுக்கு வந்தவர்மீது பழைய துயரத்தின் சுமையை ஏற்றுவது முறையா எனச் சிலர் வினவலாம். அவ்வினாவிலும் நியாயம் உண்டு. மாலை சூடும் மணமக்கள் எவருடைய நிலத்தையும் பறித்தவர் அல்லர். முன்னோர் செய்த பிழைக்குப் பின்னோரைக் குற்றவாளி ஆக்குதல் அறமாகாது. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவனோடு முடியும். கடனோ பயன் நுகர்பவனைத் தொடர்ந்து வரும். பிறர் திருத்திய நிலத்தின் நிழலில் அமர்பவன் குற்றவாளியாக மாட்டான். எனினும் கடனாளி ஆகிறான். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்திருப்பது இக்கடனின் பெருமை கருதியே அன்றோ?

கொண்டாட்டமும் நன்றியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உழவன் புத்தரிசியைத் தான் உண்ணுமுன் கதிரவனுக்குப் படைக்கிறான். மறுநாள் மாட்டுக்கும் ஊட்டுகிறான். அதனால் பொங்கலின் மகிழ்ச்சி குறைவதில்லை, நிறைவே பெறுகிறது. நன்றியை மறந்த விருந்தோ வயிற்றை மட்டுமே நிரப்பும்.

ஆனால் நினைவுகூர்தல் மட்டும் போதுமா? சுவரில் ஒரு பலகை மாட்டிவிட்டால் கடன் தீர்ந்தது எனக் கருதுவது எளிய ஏமாற்று. மாளிகையைக் காக்கப் பொருளும் புலமையும் திரண்டன, விருதும் வந்தது. லயத்துக்கும் தோட்டக் கோயிலுக்கும் அத்தகைய பரிவு வாய்ப்பது அரிது. ஆண்டவர் வாழ்ந்த வீடு மரபு எனவும், உழைத்தவர் வாழ்ந்த வீடு இடையூறு எனவும் எண்ணப்படுமாயின், அவ்வரலாறு அறத்தின் தராசில் ஒருபுறம் சாய்ந்ததே ஆகும். உழைத்தவரின் பிள்ளைகளுக்கு வீடும் பள்ளியும் வழிபாட்டிடமும் உறுதிசெய்த பின்னரே நிலம் புதிய பணிக்குச் செல்லுதல் வேண்டும். கடன் தீர்க்கும் நேரிய வழி அதுவே.

கூலிம் பூங்காவின் வீதியில் செல்லும் மாணவன், ஆலைகளைக் கண்டு வியக்கட்டும். அங்கே பணிபுரியவும் கனவு காணட்டும். அதனோடு, இம்மண்ணை முதலில் திருத்தியவர் யாவர் என்று தன் ஆசிரியரிடமும், பால்மரம் சீவிய தன் பாட்டியிடமும் ஒருமுறை கேட்கட்டும். கேட்பவன் ஒருவன் உள்ளவரை அக்கணக்கு மூடப்படாது.