ஏட்டைக் காத்த கைகள்

தகுதியுள்ளதே காலத்தை வென்று நிற்கும் என்று பலர் நம்புகின்றனர். அது உண்மையா?

திருவனந்தபுரம் பழவங்காடியை அடுத்த கோட்டைப் பகுதியில், மத்திய ஆவணக் காப்பகத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள ஏடுகளில் பல, பழைய நிர்வாகக் குறிப்புகள், காவியங்கள் அல்ல. ஐரோப்பாவில் தோலில் எழுதப்பட்ட லத்தீன் அருளுரைகள் சிலவும் அருமை கருதிக் காக்கப்படவில்லை. வேறு நூல்களுக்குக் கட்டடம் கட்ட அவற்றைக் கிழித்துப் பயன்படுத்தினர். அதனாலேயே ஓரிரு ஏடுகள் பிழைத்தன.

பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் கிடைத்த சுவடியிலிருந்த நாடகங்களை மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரிகள் 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். அவை மகாகவி பாசனுடையவை என்பது அவரது முடிவு. அறிஞரிடையே அதுபற்றி விவாதம் உண்டு. நாடகங்களில் ஆசிரியர் பெயரே இல்லை. யாருடையது என்று ஏடு சொல்லாதபோதும் அதைக் காத்தார்கள்.

எல்லாவற்றையும் காக்க இயலுமா என்று கேட்கலாம். இயலாதுதான். ஆயினும், ‘இது பயனற்றது’ என்னும் தீர்ப்பு பெரும்பாலும் பொருளின் குறையை அன்று, நம் அறிவின் எல்லையையே காட்டுகிறது. கறையானும் ஈரமும் நமது தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. மதிப்பிடுவது வருங்காலத்தின் உரிமை. கைக்கு வந்ததைப் பழுதின்றி ஒப்படைப்பதே நம் கடமை.