சுமைக்கு ஓர் எல்லை உண்டு

நெடுந்தூரத் தரைவழிப் பயணத்துக்கு ஒரு பிக்கப் வண்டியை ஆயத்தப்படுத்துகிறவர், இன்னும் வந்து சேராத நாள்களோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார். ஏற்றப்படும் ஒவ்வொரு பொருளும் ஓர் அச்சத்துக்குச் சொன்ன பதில். டயர் கிழிந்தால் என்ன செய்வது? இன்னொரு டயர் ஏறுகிறது. மணலில் புதைந்தால்? வின்ச்சும் மணல் பலகைகளும் ஏறுகின்றன. பாட்டரி இறங்கிவிட்டால்? இரண்டாவது பாட்டரி ஏறுகிறது. கேள்விகள் இத்தோடு நிற்பதில்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னதும் அதன் நிழலில் இன்னொன்று எழுகிறது. மனித மனத்துக்கு அச்சங்களைப் பெருக்கத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட் இந்த வழக்காடலைக் கடைசிவரை கொண்டுபோய் நிறுத்துகிற பாதை. விலுனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். பாலைவனங்களை ஊடுருவிச் செல்லும் அந்தத் தடத்தில் சுமார் 900 மணற்குன்றுகள் குறுக்கே கிடக்கின்றன. கடந்து முடிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். நடுவழியில் டீசல் கிடைக்கும் குடியிருப்பு குனவரிட்ஜி ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் 'யூட்' என்று அழைக்கப்படும் பிக்கப், இத்தகைய பயணத்துக்கென்றே பிறந்தது போன்ற தோற்றம் உடையது. ஆனால் அது தாங்கும் சுமை பெரும்பாலும் ஒரு டன் அளவில் நின்றுவிடும். இருவர், 20 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. 180 லிட்டர் டீசல் ஏறக்குறைய 150 கிலோ. பயணிகளின் உடல் எடை, உணவு, கருவிகள், உதிரிச் சக்கரங்கள், முன்புறத்து இரும்புத் தடுப்பு, பின்புறத்து மூடுகூடு எல்லாம் அந்த ஒரு டன்னுக்குள்தான் அடங்க வேண்டும். அச்சத்துக்கு எல்லை இல்லை, அச்சுக்கு உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

எல்லையை மதிக்காதவருக்கு அந்தப் பாதை கற்பிக்கும் பாடம் கடுமையானது. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதியில் கனமான பெட்டிகளும் நீர்த்தொட்டியும் சேரச் சேர, அந்த எடை நெம்புகோலாக வேலை செய்யத் தொடங்குகிறது. அலையலையாய் நெளிந்த தரையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த நெம்புகோலை ஒருமுறை அழுத்திவிட்டுப் போகிறது. ஒரு நாள், ஓட்டுநர் அறைக்கும் சரக்குப் பகுதிக்கும் நடுவே வண்டியின் சட்டம் வளைந்துவிடுகிறது. கதவுகள் பொருந்த மறுக்கின்றன. முதுகு முறிந்த விலங்கைப் போல வண்டி மணலில் கிடக்கிறது. அதை முறித்தது பாலைவனம் என்று சொல்லிவிட முடியாது. பாலைவனத்துக்கு அஞ்சிச் சேர்த்த பொருள்களுக்கும் அதில் பங்கு உண்டு. காப்பதற்கென்று சேர்த்ததே கவிழ்ப்பதாக மாறும் அந்தப் புள்ளியை நாம் எல்லோரும் வாழ்க்கையில் எங்கோ ஓரிடத்தில் கண்டிருக்கிறோம். குடும்பத்தின் பாதுகாப்புக்கென்று தொடங்கிய உழைப்பு, குடும்பத்தோடு இருக்கும் நேரத்தையே விழுங்கிவிடுகிறது. நாளைக்கென்று சேர்க்கப் புறப்பட்டவர் இன்றை முழுவதுமாக இழந்து நிற்கிறார்.

எந்தப் பெட்டியிலும் அடைத்துக்கொள்ள முடியாத தேவைகளும் இருக்கின்றன. அந்தத் தடமெங்கும் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல் அடர்ந்திருக்கும். அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்துவிடாதிருக்க முன்புறத்தில் வலை கட்டலாம். ஆனால் காய்ந்த புல் வண்டிக்கு அடியில் போய், கொதிக்கும் சைலன்சர் குழாயை ஒட்டிச் சேர்ந்துகொள்ளும். அதைக் கவனியாது விட்டதால் எரிந்துபோன வண்டிகள் உண்டு. நிறுத்தும் இடத்திலெல்லாம் மணலில் மல்லாந்து படுத்து, சூடு தணியாத இரும்புக்கு நடுவே விரல் நுழைத்து, அந்தப் புல்லைக் கொத்துக் கொத்தாக உருவி எடுக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய எந்தச் சாதனமும் இந்த வேலையை நமக்காகச் செய்துவிடாது. விழிப்பு என்பது ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துபோகக்கூடிய சரக்கன்று. அது நாள்தோறும் புதிதாகச் செலுத்த வேண்டிய கடமை.

அந்தப் பாதைக்குப் பெயர் தந்த ஆல்ஃபிரட் கேனிங்கும் ஆயத்தத்தில் குறை வைத்தவர் அல்லர். கிம்பர்லி பகுதியின் மாடுகளைத் தெற்கே ஓட்டி வருவதற்கு வழி காணும்படி அரசு அவரை அனுப்பியது. 1906-07இல் ஒட்டகங்களோடும் துணைவர்களோடும் சென்று அவர் அந்த வழியை அளந்தார். எத்தனை ஒட்டகங்கள் சுமந்தாலும் ஏற்ற முடியாத ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது: நீர் எங்கே இருக்கிறது என்ற அறிவு. அந்த அறிவு அந்நிலத்தின் பூர்வகுடி மக்களிடம் இருந்தது. அவர்களைப் பிடித்து, கழுத்தில் சங்கிலி பூட்டி, ஊற்றுகளைக் காட்டச் செய்தார்கள். குழுவின் சமையல்காரரே இதைக் குற்றமாக எடுத்துரைக்க, 1908இல் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. ஆணையம் கேனிங்கைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 1910க்குள் ஏறத்தாழ 50 கிணறுகள் எழுந்தன. அவற்றில் பல, தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்துவந்த நீர்நிலைகளின்மேலேயே தோண்டப்பட்டவை. இன்று அந்தக் கிணறுகளில் ஒன்றில் வாளி இறக்கும் பயணி, தான் முழுத் தன்னிறைவோடு வந்திருப்பதாக எண்ணலாம். வாளியும் கயிறும் அவருடையவை. கீழே இருக்கும் நீர் யாருடையது?

இந்தக் கேள்விக்கு அம்மக்கள் தந்த விடை ஓர் ஓவியமாகவே இருக்கிறது. 1997இல் கிரேட் சாண்டி பாலைவனத்தின் விளிம்பில் நுராரா மக்கள் ஒன்றுகூடி, சுமார் 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள ஒரு துணியைத் தரையில் விரித்து, தங்கள் நாட்டை வரைந்தார்கள். ஒவ்வொருவரும் தாம் பொறுப்பேற்ற நிலப்பகுதியைத் தீட்டினார்கள். ஜிலா எனப்படும் உயிருள்ள நீரூற்றுகள் அதில் இடம்பெற்றன. நில உரிமைக் கோரிக்கைக்குச் சான்றாக அதை முன்வைத்தார்கள். 2007இல் அவர்களுடைய உரிமை ஏற்கப்பட்டது; அண்டைப் பூர்வகுடியான மார்ட்டு மக்களின் உரிமை அதற்கு முன்பே 2002இல் ஏற்கப்பட்டிருந்தது. சாலை வரைபடமோ வாகனமோ இல்லாமல் அந்தப் பெருவெளியில் வாழ்ந்தவர்களின் ஆயத்தம் முழுவதும் நினைவில் இருந்தது, உறவில் இருந்தது. அறிதல் மிகுந்த இடத்தில் சுமை குறைந்திருந்தது. நாம் ஏற்றும் எடையில் பெரும்பகுதி நம் அறியாமையின் எடை.

ஆஸ்திரேலியக் கண்டத்தைக் கடக்க 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து புறப்பட்ட பர்க், வில்ஸ் குழுவின் கதையும் இதையே உரைக்கிறது. இரண்டு ஆண்டுக்குப் போதுமான உணவு உட்பட ஏறத்தாழ 20 டன் பொருள்களோடு அது கிளம்பியது. அடுத்த ஆண்டு கூப்பர் க்ரீக் கரையில் தலைவர்கள் இருவரும் உயிர்விட்டார்கள். அங்கே அவர்களோடு இருந்தவர்களில் உயிர் பிழைத்தவர் ஜான் கிங் ஒருவரே. அவரைப் பிழைக்க வைத்தது 20 டன்னில் மிஞ்சிய எதுவும் அன்று. அப்பகுதியின் பூர்வகுடியான யண்ட்ருவந்தா மக்கள் அவருக்கு உணவளித்துத் தங்களோடு வைத்துக் காத்தார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, வண்டியில் ஏறும் சாதனங்களுள் மிக இலேசான ஒன்று கருத்தில் நிற்கிறது. முன்புறத்தில் நெடிய கம்பொன்றில் சிறு கொடியைக் கட்டுவார்கள். மணற்குன்றின் மறுபுறம் ஏறிவருகிறவருக்கு வண்டி தெரியும் முன்பே கொடி தெரிந்துவிடும். மற்றப் பொருள்கள் எல்லாம் எனக்கு நேரக்கூடியதிலிருந்து என்னைக் காக்கின்றன. இந்தக் கொடியோ, நான் காணாத ஒரு மனிதரும் இந்தப் பாதையில் வருகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறது. என்னைக் காப்பதோடு என்னிடமிருந்து அவரையும் காக்கிறது.

பிறரைச் சாராமல் வாழ்ந்துவிட வேண்டும் என்ற ஆசைதான் ஆயத்தத்தின் அடியில் எப்போதும் படிந்திருக்கிறது. வீட்டைக் கட்டும்போதும், காப்பீடு எடுக்கும்போதும், பிள்ளைகளின் எதிர்காலத்துக்குச் சேமிக்கும்போதும் நாம் அந்த ஆசையைத்தான் அடுக்கி வைக்கிறோம். அதில் பழி ஒன்றுமில்லை. அலட்சியத்தோடு பாலைக்குள் நுழைகிறவர் தம் உயிரோடு தம்மைத் தேடி வருகிறவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார். ஆகவே இயன்றவரை ஆயத்தமாவது அறம். ஆனால் எவ்வளவு அடுக்கினாலும், நாம் தோண்டாத கிணறும் நாம் போடாத தடமும் பெயர் தெரியாத ஒருவரின் தயவும் இல்லாமல் எந்தப் பயணமும் முடிவதில்லை என்பதையும், அப்படி மிஞ்சி நிற்கும் தேவையை எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்பதிலேயே நம் தரம் வெளிப்படுகிறது என்பதையும் அந்த நெடிய பாதையின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. தேவையை மறைக்கிறவர், அது தலைதூக்கும் நாளில் பறிக்கத் துணிகிறார்; கேனிங்கின் சங்கிலி அப்படி வந்ததே. தேவையை ஒப்புக்கொள்கிறவர் கேட்கிறார், பெறுகிறார், பெற்றதைக் கடனாக நினைவில் வைக்கிறார். இன்று அந்தத் தடத்தில் செல்ல நிலத்துக்குரிய மக்களின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற விதியை வெறும் தாளாகக் கருதாமல், நூறாண்டு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியின் காலந்தாழ்ந்த வடிவமாகக் காண்பவரே உண்மையில் ஆயத்தமானவர். தன் வலிமையின் எல்லைவரை உழைத்து, அந்த எல்லைக்கு அப்பால் தான் பிறருக்குக் கடன்பட்டவர் என்று அறிந்து, அந்தக் கடனை நாணாமலும் மறவாமலும் சுமக்கிறவருக்கே எந்த நீண்ட பயணமும், இந்த வாழ்வு என்னும் பயணமும், வழிவிடுகிறது.