காத்திருக்கும் நேரம் யாருடையது?

 

பழனியில் காற்று பலமா அடிச்சா ரோப் காரை நிறுத்திடுவாங்க. பாதுகாப்புக்குத்தான், குறை சொல்ல முடியாது. உடனே வரிசையில ஒரு குரல் வரும்: "எல்லாம் அவன் செயல்."

நானும் அதை நம்புறவன்தான். ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில் எனக்கு ஒரு நெருடல். காலில் தெம்பு இருக்கிறவன் 693 படியும் ஏறிப் போயிடலாம். எனக்கு அந்த அரை மணியில் கந்த சஷ்டி கவசம் சொல்லி முடிக்கலாம், மனசும் அடங்கும். அதே வரிசையில் நிற்கும் சர்க்கரை நோயாளிக்கு அது சாப்பாட்டு நேரம் தப்புற அரை மணி. என் தாமதத்தை அவன் செயல்னு நான் ஏத்துக்கலாம். பக்கத்தில் தள்ளாடுகிற பாட்டியோட தாமதத்தையும் நானே ஏத்துக்க முடியுமா? அவங்க பசிக்கு என் பக்தி பதில் ஆகுமா?

போன தடவை கவசத்தைப் பாதியில் நிறுத்திட்டு, அப்படி ஒரு பாட்டிக்கு டீயும் பன்னும் வாங்கி வந்தேன். "கவசத்தைப் பாதியில விடலாமாப்பா?"ன்னு எங்க அத்தைக்கு ஒரே கவலை. (வீட்டில் இன்னும் இந்த விவாதம் ஓயலை.)

மீதியை வின்ச் வரிசையில நின்னு சொல்லிக்கிட்டேன்.