தாமதத்துக்கு யார் பொறுப்பு?

முதியவரின் இதய சிகிச்சைக்குக் காப்பீட்டு ஒப்புதல் தள்ளிப்போவது மறுப்புக்குச் சமமா என்பது நீதி பற்றிய கேள்வி. பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கி மூச்சிரைப்பும் மயக்கமும் வந்தபின் வால்வை மாற்றாவிட்டால், ஏறத்தாழ பாதிப் பேர் 2 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

இயல்பான ஆயுளை வாழ்ந்து முடித்தவர்களின் உயிரை நீட்டிக்கப் பொதுப்பணம் செலவிடுவதற்கு வரம்பு வேண்டும் என்று அமெரிக்க அறவியலாளர் டேனியல் கலஹன் 1987-இல் ‘செட்டிங் லிமிட்ஸ்’ நூலில் வாதிட்டார். கடுமையான வாதம்தான், ஆனால் வெளிப்படையாகச் சொன்னார், மறுத்துப் பேச இடமிருந்தது. தாமதம் அதே வரம்பைப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போட்டுவிடுகிறது. நோயாளி ஐசியூவில் இருக்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ‘ரத்த அழுத்தம் எந்த வருடம் தொடங்கியது? முதல் மருந்துச்சீட்டை அனுப்பவும்’ என்று கேள்வி வரும். மோசடியைத் தடுக்க விசாரணை தேவை. ஆனால் அத்தனை பழைய சீட்டை எந்த வீட்டில் வைத்திருப்பார்கள்?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் ரொக்கமில்லா சிகிச்சையின் முன்ஒப்புதலுக்கு 1 மணி நேரமும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரமும் கெடு விதித்தது. டிஸ்சார்ஜ் ஒப்புதல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் கிடையாது.